காற்று குறையும் விசில்

ஏற்காட்டில் ஒரு லாட்ஜில் மெத்தைகள் அடுக்கிய அறையில் தீ. ஆட்கள் எல்லாரும் வெளியே வந்துவிட்டார்கள். புகை மட்டும் அடங்கவில்லை. தீயணைக்க உள்ளே போன எங்கள் முதுகுச் சிலிண்டர்களில் காற்று குறைந்ததும் எச்சரிக்கை விசில் அடித்தது. வேறு இருவரை உள்ளே அனுப்பிவிட்டு நானும் குமாரும் படியில் உட்கார்ந்தோம். அவன் சிலிண்டர் இன்னும் ஊதிக்கொண்டிருந்தது. கண்ணை மூடினால், அது அப்பாவின் நெஞ்சு.

அப்பாவுக்கு இளைப்பு. பனிக்காலத்தில் செம்மநத்தம் கிராமத்தில் எங்கள் வீட்டுக்குள் தைல வாசனை நிறைந்திருக்கும். அவர் மூச்சு கீச்சென்று ஊதும். பஸ் ரோட்டுக்கு ஏறும் மேட்டுப் பாதையில் வளைவுக்கு வளைவு அம்மா நின்றுவிடுவார்.

"ஏனுங்க, கால் நொம்ப வலிக்குது, சித்த நில்லுங்க."

அப்பா சலித்துக்கொண்டே மிளகுக்கொடியைப் பார்த்து நிற்பார். அம்மாவுக்குக் கால்வலியே கிடையாது.

ஒருநாள் ஊசி போட அப்பாவும் நானும் மட்டும் கிளம்பினோம். பாதி மேட்டிலேயே அவருக்கு மூச்சு வாங்கியது. மேலே பஸ் ஹாரன் அடித்தது. நான் ஒரு கல்லில் உட்கார்ந்தேன்.

"அப்பா, கால் வலிக்குதுங்க."

பேசுமளவு மூச்சு சேர அவருக்கு வெகுநேரம் ஆனது.

"உங்கம்மா சொல்லிக் குடுத்தாளா, கண்ணு?"

"இல்லீங்க."

என் தலையில் கைவைத்தபடி நின்றார். பஸ் போய்விட்டது.

குமார் புது சிலிண்டரை மாட்டிக்கொண்டு எழுந்தான்.

"போலாங்களாண்ணா?"

அவனுக்கு இன்னும் இரைத்தது. இப்படி இழுத்தால் உள்ளே காற்று சீக்கிரம் தீர்ந்துவிடும். எனக்கும் உடம்பு எழவில்லை.

"உக்காரு சாமி, மூச்சு அடங்கட்டும். மெத்தைதான, நமக்காகக் காத்துட்டிருக்கும்."