தெருவே தறியை நிறுத்திய பாட்டு

எழுபதுகளின் தொடக்கம். காஞ்சிபுரத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. சர்ச்சுக்குப் பக்கத்துத் தெருவில் எங்கள் வீடு. வீட்டில் எல்லோரும் பட்டு நெசவு. நான் மட்டும் மிஷன் பள்ளியில் டீச்சர்.

எங்கள் பள்ளிப் பாட்டு வாத்தியார், அறுவடைக்கு நன்றி சொல்லிச் சர்ச்சில் கொண்டாடும் அறுப்புப் பண்டிகைக்கென்று புதிதாக ஒரு நீளப் பாட்டு இயற்றினார். கடவுளையும் அவர் படைத்த சூரியன், மழை, ஆடு மாடு எல்லாவற்றையும் போற்றுகிற பாட்டு. ராகம் நம்முடையது, பாடுவது சர்ச் வழக்கப்படி நான்கு குரலில். நடுவில் எல்லோரும் ஓய்ந்துவிட, ஆர்மோனியம்கூட இல்லாமல் ஒரே குரல் மெல்லப் பாடவேண்டும். அந்த இடத்துக்கு என்னைப் பிடித்துப் போட்டுவிட்டார்.

மாமியாருக்கு வந்ததே கோபம்! "ஏகாம்பரநாதருக்குப் பாடாத வாயி, அங்க போய் எதுக்கும்மா பாடணும்?" என்றார். அதோடு என்னிடம் பேச்சை நிறுத்திவிட்டார். சாப்பிடக் கூப்பிடுவதுகூடச் சுவரைப் பார்த்துத்தான். "சோறு ஆயிடுச்சி, சாப்பிடறவங்க சாப்பிடலாம்." எனக்கும் வீம்பு. அடுப்படியில் நின்று வேண்டுமென்றே அந்தப் பாட்டையே பாடிப் பழகினேன். உள்ளுக்குள் அழுகை முட்டும். என்னை மகள் மாதிரி வைத்திருந்தவர் அவர்.

சர்ச்சுக்குள் ஒரே ஒரு ஒத்திகைதான் நடந்தது. அன்று அமாவாசை, தறிக்காரர்களுக்கு விடுமுறை. கடைசி பெஞ்சுவரை என் குரல் கேட்கிறது என்று வாத்தியாருக்கு ஒரே பூரிப்பு. பண்டிகையோ ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறன்று எங்கள் தெருவில் எந்தத் தறி ஓய்ந்தது? தறிக்காரர் வீட்டில் வாழ்கிற எனக்கே உறைக்கவில்லை பாருங்கள்!

பண்டிகையன்று பாட்டு ஆரம்பித்தால், சுற்றிலும் சடக் சடக் என்று ஒரே தறிச் சத்தம். எல்லோரும் சேர்ந்து பாடும்வரை சமாளித்தோம். என் இடம் நெருங்கிக்கொண்டே வந்தது. வாத்தியார் முகத்தில் ஈயாடவில்லை. பாவம், மாதக்கணக்கில் உழைத்த மனிதர்.

ஆர்மோனியம் நின்றது. வாயைத் திறந்தேன். அதே நேரம் ஒரு தறி நின்றது. அப்புறம் இன்னொன்று, அதற்கடுத்தது. தெருவே கப்சிப்! நடுங்கிக்கொண்டே பாடி முடித்தேன்.

வெளியே வந்தால், கேட் ஓரம் மூச்சிரைக்க மாமியார் நிற்கிறார்! பாட்டு ஆரம்பித்ததுமே வீடு வீடாக ஓடி, "எங்க மருமக பாடுது, நான் கை காட்டினதும் கொஞ்சம் நிறுத்துப்பா" என்று சொல்லிவைத்தாராம்.

"அத்தை, அந்த இடம் எப்போ வரும்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஏன் தெரியாது? தெனம் அடுப்பண்ட நின்னு பாடிக்கினு இருந்தியே!"

அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேவிட்டேன். கண்ணைத் துடைத்துவிட்டவர் அடுத்த நிமிஷமே சண்டைக்கு வந்தார். "ஆடு மாடெல்லாம் பாடினியே, பட்டுப்பூச்சிய ஏம்மா வுட்டுட்ட? அத மட்டும் வேற சாமியா படைச்சாரு?"

வாத்தியாரிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். அடுத்த வருஷப் பாட்டில் பட்டுப்பூச்சிக்கும் ஓர் அடி சேர்த்தார்.

அத்தை போய்ச் சேர்ந்து பல வருஷமாகிறது. ஆனாலும் கோபத்தோடு கோபமாக எனக்காக ஒருவர் தெருவெல்லாம் ஓடினாரே என்ற நினைப்புதான், இன்றும் நான் நாலு பேர் முன்னால் பாட எழும்போதெல்லாம் என் குரலை நடுங்காமல் பிடித்துக்கொள்கிறது.