இரண்டு ஹோஸும் என் அசல் சான்றிதழ்களும்

நான் வேலை பார்த்த கல்லூரி பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகிற சாலையில் இருந்தது. பெயர் வேண்டாம். அதன் தாளாளருடைய மகனைச் சின்னவர் என்றுதான் சொல்ல வேண்டும். முனைவர் பட்டம் வாங்கியவர்கள், தலை நரைத்தவர்கள் எல்லோரும் அவரைக் கண்டதும் எழுந்து நின்றார்கள். நானும் நின்றேன். அதை மறைத்துவிட்டு மற்றவர்களைப் பற்றி மட்டும் எழுதினால் யோக்கியமாக இருக்காது.

ஆட்டோமொபைல் துறையில் நான் உதவிப் பேராசிரியர். எங்கள் வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான்தான். அப்பா சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் லாரிக்குக் கல் ஏற்றியவர். அம்மா ஜெயங்கொண்டம் பக்கம் முந்திரிக்கொட்டை உடைக்கப் போகிறவர். வேலையில் சேர்ந்த அன்றே, பத்தாம் வகுப்பிலிருந்து எம்.இ. வரை என்னுடைய அசல் சான்றிதழ்கள் அத்தனையையும் வாங்கி, ஒரு பழுப்புக் கவரில் போட்டு, ஆபீஸ் பீரோவில் வைத்துப் பூட்டினார்கள். வாத்தியார் நடுவில் ஓடிவிடக் கூடாதாம். அந்தக் கல்லூரியில் எல்லோருக்கும் அதுதான் வழக்கம். வாசல் வளைவில் மட்டும் கல்வியே விடுதலை என்று தங்கநிற எழுத்தில் எழுதியிருந்தார்கள்.

இரண்டு வருடம் கழித்து சென்னைப் பக்கம் ஒரகடத்தில் ஒரு கார் கம்பெனியில் எனக்கு வேலை கிடைத்தது. திங்கட்கிழமை காலை அசலோடு வர வேண்டும், வராவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுக்கொள்வோம் என்று போனில் சொல்லிவிட்டார்கள். முதல்வரிடம் போய் நின்றேன். அவர் சின்னவரைப் பார்க்கச் சொன்னார். சின்னவர் எனக்குத் தன் காரைக் காட்டினார்.

சிவப்பு நிறம், இரண்டே கதவு, ஜப்பானில் செய்தது. பெங்களூரில் எவரோ வைத்திருந்து அலுத்துத் தள்ளிவிட்ட பழைய ஸ்போர்ட்ஸ் கார். அதை ஓட்டத் தெரிந்தவர் ஓட்டினால் அது நல்ல வண்டிதான். இவர் அதைத் தேர்வுக்கூடத்துக்குப் பின்னாலிருந்த மண்தரையில் மட்டும் ஓட்டினார். ஸ்டியரிங்கை ஒரு பக்கமாகக் கடைசிவரை ஒடித்துப் பிடித்துக்கொண்டு வட்டம் வட்டமாகப் புழுதி கிளப்புவார், நண்பன் ஒருவன் ரீல்ஸ் எடுப்பான். அப்படிப் பிடித்துக்கொண்டே இருந்தால் பவர் ஸ்டியரிங் பம்பின் அழுத்தம் முழுவதும் ஹோஸின் மேல்தான் இறங்கும். பழைய ரப்பர் எத்தனை நாள் தாங்கும்? பம்பிலிருந்து எண்ணெய் போகிற ஹோஸ், டப்பாவுக்கு எண்ணெய் திரும்புகிற ஹோஸ் இரண்டுமே வெடித்து ஒழுகின.

எனக்கு முன்பே அதற்கு வைத்தியம் நடந்திருந்தது. கல்லூரி பஸ் டிரைவர் சைக்கிள் டியூபைக் கிழித்துச் சுற்றி, குறைந்த எண்ணெய்க்குப் பதிலாகப் பிரேக் எண்ணெயை ஊற்றியிருந்தார். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன், யாரும் அவருக்கு அதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. ஆனால் பதினெட்டு வருடமாக அதே பாடத்தை நடத்துகிற எங்கள் துறைத்தலைவர், அந்தச் சைக்கிள் டியூபுக்கு மேலேயே தண்ணீர்க் குழாய்க்கு அப்புகிற களிம்பைப் பிசைந்து அப்பச் சொல்லியிருந்தார்.

"வண்டி ஓடட்டும் சார். சனிக்கெழம சாயங்காலம் ஒங்க கவரக் கையில வாங்கிக்கிங்க," என்றார் சின்னவர். அவர் ஞாயிற்றுக்கிழமை விடியும்போது கங்கைகொண்ட சோழபுரத்தில் இருக்க வேண்டும். ரீல்ஸில் கோபுரம் பின்னால் தெரியக் கார் வந்து திரும்ப வேண்டுமாம்.

துறைத்தலைவர் இதையும் விடவில்லை. தொழில்துறையும் கல்லூரியும் இணைந்த செயல்திட்டம் என்று ஒரு பிளக்ஸ் அடித்து வந்து காருக்குப் பின்னால் கட்டினார். மாணவர்களை நிறுத்தினார். என் கையிலிருந்த ஸ்பேனரை வாங்கி, சாமிக்குச் சூடம் காட்டுகிற மாதிரி பிடித்துக்கொண்டு போட்டோவுக்கு நின்றார். எண்ணெய் ஒழுகி அவர் செருப்புக்குக் கீழே பரவியது. போட்டோ முடிந்ததும் ஸ்பேனரைக் கொடுத்துவிட்டுக் கை கழுவப் போனார். அதை அவர் தொட்டதே இரண்டு நிமிடம்தான்.

வியாழக்கிழமை பழைய ஹோஸ்கள் இரண்டையும் கழற்றி, செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு அரியலூருக்குக் கிளம்பினேன். கல்லூரி வளாகத்தில் முப்பது பஸ் வரிசையாக நின்றுகொண்டிருந்தன. நான் டவுன் பஸ்ஸில் போனேன்.

"என்னாங்க அது, ஒழுவுது? பாம்பு கீம்பா?" என்றார் கண்டக்டர்.

"ஸ்டியரிங் ஹோஸுங்க."

"அத மடியில வச்சிக்கிட்டு வர்றீங்களே, ஒங்க பேண்ட பாருங்க!"

அரியலூரில் சிமெண்டு லாரிகளுக்கும் பொக்லைன்களுக்கும் ஹோஸ் அடித்துக் கொடுக்கிற கடை ஒன்று உண்டு. பிரஸ் மெஷினில் என்னைவிடக் கொஞ்சம் மூத்த ஒரு பெண் நின்றார். ஹோஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பொக்லைனா, டிப்பரா?"

"கார்ங்க. ரெண்டு பேரு உக்கார்றது."

"ரெண்டே பேருக்கா? எங்க வூட்டு மொபெட்டுலயே நாலு பேரு போறோம்."

ரப்பரை வெட்டுவதற்கு முன்னால், இரண்டு இரும்பு முனைகளும் எந்தப் பக்கம் பார்த்து வளைந்திருக்கின்றன என்று சாக்பீஸால் ஒரு நேர்கோடு போட்டுக்கொண்டார், புது ரப்பரிலும் அதே கோட்டைப் போட்டார். கோடு தப்பினால் ஹோஸ் முறுக்கிக்கொள்ளும், பூட்டிய ஒரு மாதத்தில் மறுபடி வெடிக்கும். எண்ணெய் திரும்புகிற ஹோஸுக்குத் தண்ணீர் ஹோஸ் போட்டால் ஊதிப்போகும் என்று நான் வாயைத் திறப்பதற்குள் அவர் எண்ணெய் தாங்குகிற ரப்பரை எடுத்து வைத்துவிட்டார். என் துறையில் அந்தச் சாக்பீஸ் கோட்டைப் போடத் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லை.

"நீங்க மெக்கானிக்கா?"

"காலேஜ்ல சாருங்க."

"சாரா? அப்ப நீங்க எதுக்குங்க இத தூக்கிக்கிட்டு பஸ்ஸுல வர்றீங்க?"

சொன்னேன். கவர், பீரோ, சனிக்கிழமை, எல்லாம். அவர் பிரஸ்ஸை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"அசல யாராச்சும் அடுத்தவன் கையில குடுப்பாங்களா? இங்க வர்ற லாரி டிரைவருட்ட லைசென்ஸக் கேட்டுப் பாருங்க, ஜெராக்ஸக்கூட நீட்ட மாட்டான். படிச்சவங்க நீங்க!"

திரும்பி வரும்போது பஸ்ஸில் உட்கார இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தேன். உட்காரத் தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை முழுவதும் துறைப் பட்டறை வாசலில் வண்டிக்கு அடியில் கிடந்தேன். பிரேக் எண்ணெய் கலந்ததை எல்லாம் வடித்து, டப்பாவைக் கழுவி, அழுத்தம் தாங்குகிற ஹோஸைப் புதுச் செம்பு வாஷர்களோடு பூட்டினேன். புகைக்குழாயின் சூடு படாமல் விலக்கிக் கட்டினேன். சனிக்கிழமை மதியம் திரும்பு ஹோஸின் கீழ்முனையும் ஏறிவிட்டது. எண்ணெய் டப்பாவில் மாட்ட வேண்டிய மேல்முனை ஒன்றுதான் பாக்கி. கிளிப்பைக் கையில் எடுத்தபோது சின்னவர் வந்தார். கூடவே துறைத்தலைவர், வெள்ளைச் சட்டையில்.

"முடிஞ்சிடுச்சா சார்?"

"பத்து நிமிஷம். கவர் சார்?"

சின்னவர் சிரித்தார். "ஆபீஸ்ல பேசினேன். செமஸ்டர் முடியட்டும் சார். இப்புடி கை வேல தெரிஞ்ச ஆள எவனாவது விடுவானா?"

"அதான, அதான," என்றார் துறைத்தலைவர். "இங்கயே நல்ல எதிர்காலம் இருக்குப்பா ஒனக்கு."

எனக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. இவர்களிடம் கோபப்படுவதற்குக்கூட ஏதாவது மரியாதை மிச்சம் இருக்க வேண்டும். கிளிப்பைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கை துடைத்தேன்.

"அப்ப மீதிய செமஸ்டர் முடிஞ்சி மாட்டிக்கலாம் சார்."

"என்னா மெரட்டுறியா?" என்றார் துறைத்தலைவர். "ஒரு ஹோஸ சொருவுறதுல என்னா பெரிய வித்த இருக்கு? தள்ளு."

தள்ளி நின்றேன். கிளிப் இல்லாமல் வெறும் ஹோஸை டப்பாவின் மூக்கில் சொருகினார். எண்ணெயை ஊற்றினார். "ஸ்டார்ட் பண்ணுங்க தம்பி!" என்று பானெட்டுக்கு மேல் குனிந்துகொண்டே கை காட்டினார்.

"கிளிப் இல்லாம போடாதீங்க சார்," என்றேன். சொல்ல வேண்டியது என் கடமை, சொன்னேன்.

சின்னவர் எஞ்சினை முடுக்கி, பழக்கதோஷத்தில் ஸ்டியரிங்கைக் கடைசிவரை ஒடித்தார். ஹோஸ் கழன்று துள்ளியது. சிவப்பு எண்ணெய் துறைத்தலைவரின் மூக்குக் கண்ணாடியிலிருந்து இடுப்பு வரை நனைத்துவிட்டது. மாடி வராந்தாவில் நின்ற மாணவர்கள் ஓவென்று கத்தினார்கள்.

சின்னவர் பதறி இறங்கினார். "என்னா சார் அது, ரத்தமா?"

அந்தக் காரை வாங்கி ஒன்றரை வருடம். அதில் என்ன நிற எண்ணெய் ஓடுகிறது என்று அவருக்குத் தெரியாது.

சின்னவர் வாட்சைப் பார்த்தார், காரைப் பார்த்தார். கோபுரத்துக்கு முன்னால் கேமராக்காரன் வந்து நிற்கப்போவது ஞாபகம் வந்திருக்க வேண்டும். போனை எடுத்து ஆபீஸுக்குப் பேசினார். "அந்தாளு கவரக் குடுத்து அனுப்புங்க. ஆமா, இப்பவே."

ஆபீஸ் அக்கா கவரோடு வந்தார். என் கை எண்ணெயாக இருந்தது. "அக்கா, நீங்களே ஒண்ணொண்ணா மேசையில வைங்க, நான் பாத்துக்கிறேன்," என்றேன். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டு, பி.இ., எம்.இ., சாதிச் சான்றிதழ், எல்லாம் சரியாக இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். சின்னவர் காத்துக்கொண்டு நின்றார். இரண்டு வருடத்தில் அவர் எனக்காக நின்றது அந்த ஒருமுறைதான். அக்கா எல்லாவற்றையும் திரும்பக் கவரில் போட்டு என் பையில் வைத்து ஜிப்பை இழுத்துவிட்டார்.

அதன்பிறகு வேலையை முடித்தேன். அரைகுறையாக விட்டுப்போகலாம் என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் வெள்ளிக்கிழமை பூட்டிய ஹோஸில் அந்தச் சாக்பீஸ் கோடு இன்னும் அழியாமல் இருந்தது. கிளிப்பை இறுக்கினேன். முன்சக்கரங்களை ஜாக்கியில் தூக்கி, எஞ்சினைப் போடாமலே ஸ்டியரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் இருபது முறை திருப்பி, காற்றுக் குமிழி அடங்கும்வரை எண்ணெய் விட்டேன். பிறகு ஸ்டார்ட் செய்தேன். ஒரு சொட்டு ஒழுகவில்லை. "கடைசிவரைக்கும் ஒடிச்சிப் புடிக்காதீங்க," என்று சின்னவரிடம் சொன்னேன். அவர் கேட்கவில்லை, போனில் இருந்தார்.

பஸ் ஸ்டாப்பில் கணிதத் துறைச் சார் ஒருவர் என் பக்கத்தில் வந்து நின்றார். ஆறு வருடமாக அங்கே இருக்கிறவர். மாடியிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தார். என் பையையே பார்த்தார்.

"எங்களுதையும் சேத்துக் கேட்டிருக்கலாமே சார். அதே பீரோவுலதான இருக்கு."

எனக்கு அது தோன்றவே இல்லை. அவர் சொல்லித்தான் உறைத்தது. கவர் கைக்கு வந்ததும் மற்ற கவர்கள் என் கண்ணிலேயே படவில்லை. அந்த வெட்கத்தில் எனக்கு அவர்மேல் எரிச்சல் வந்தது.

"நீங்க கேளுங்களேன் சார். எதையாவது முடிக்காம நிறுத்துங்க."

"நான் மேத்ஸுங்க சார்," என்றார். "நான் நிறுத்தினா யாருக்குத் தெரியும்?"

பெரம்பலூர் பஸ் வந்தது. நான் ஏறிக்கொண்டேன்.