சாட்டுக்குள் ஊரெல்லை தாண்டினோம்

போன வருஷம் மாரியம்மன் நோம்பித் திருவிழாவுக்கு நாள் குறித்துச் சாட்டுப் போட்ட வாரம்தான் என் மகள் தர்ஷினி படுத்தாள். ஏழு வயது. நாங்கள் வடகரப்பதிப் பக்கம் தென்னை வைத்துப் பிழைக்கிறவர்கள். முதலில் வெறும் காய்ச்சல். பிறகு வாந்தி, வயிற்றுவலி. கோயிலில் நட்ட கம்பத்தைச் சுற்றி ஆடிய அசதி என்று நினைத்துவிட்டோம். செவ்வாய்க்கிழமை காலையில் வாசல்வரை நடப்பதற்குள் அவளுக்கு மூச்சு வாங்கியது. உதடு வெளுத்து, கை கால் சில்லிட்டுவிட்டது. எனக்கு உயிரே போய்விட்டது. அவளைத் தூக்கிக்கொண்டு உள்ளூர் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

உள்ளூர் டாக்டர் பார்த்த உடனே ஆக்சிஜன் வைத்தார். வைரஸ் இதயத் தசையைத் தாக்கியிருக்கும் போலிருக்கிறது, உடனே கோயமுத்தூர் போகவேண்டும் என்று ஆம்புலன்சுக்கும் சொல்லிவிட்டார்.

என் வீட்டுக்காரர் தயங்கினார். சாட்டுப் போட்டால் நோம்பி முடியும்வரை யாரும் வெளியூரில் ராத்தங்கக் கூடாது என்பது எங்கள் ஊர்க் கட்டு.

“ஆத்தா கோவிச்சுக்குவாளே, புள்ளே,” என்றார். மகள் மேல் உயிரையே வைத்திருக்கிற மனுஷன்தான், ஆனாலும் ஊர்க் கட்டை மீறப் பயந்தார்.

“ஏனுங்க, புள்ளை இருந்தாத்தானுங்க நோம்பி!” என்று கத்திவிட்டு, ஆம்புலன்ஸ் வருவதற்குள் எதிரே இருந்த மாரியம்மன் கோயிலுக்கு ஓடினேன்.

பூசாரி அண்ணன் அம்மன் சிரசில் பூ வைத்தார். வலப்பக்கம் விழுந்தால் உத்தரவு. எனக்கு அதுவரை பொறுக்கவில்லை.

“ஆத்தா, நீ வேண்டாம்னாலும் நான் போகத்தான் போறேன். நீயும் என்கூட வா!” என்று அழுதேன்.

பூசாரி வாய் திறந்து உத்தரவு கேட்பதற்குள் பூ வலப்பக்கம் விழுந்தது! எனக்கு மேலெல்லாம் சிலிர்த்தது.

“அம்மிணி, ஆத்தா உங்களுக்கு முன்னாடியே வண்டியில ஏறிட்டா. கெளம்புங்க!” என்றார் அவர்.

கோயமுத்தூரில் எக்கோ எடுத்தார்கள். இதயம் பாதி பலத்தில்கூட அடிக்கவில்லை. மூச்சுக்கு மெஷின் வைத்து, இதயத்துக்குத் தெம்பு தரும் மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். “இதயம் தானாத் தேறுற வரைக்கும் நாங்க தாங்கிப் பிடிக்கிறோம். சாயங்காலம் வரைக்கும் ஊட்டுலயே வெச்சிருந்தா ஒண்ணும் சொல்லியிருக்க முடியாதுங்க,” என்றார் டாக்டரம்மா. ஐசியூ வாசலில் உட்கார்ந்து ஆத்தாளைக் கூப்பிட்டுக்கொண்டே கிடந்தேன்.

சில நாள் கழித்து ஒரு காலையில் மெஷினை எடுத்துவிட்டு என்னை உள்ளே கூப்பிட்டார்கள். தர்ஷினி கண்ணைத் திறந்து, “அம்மா, பசிக்குது,” என்றாள். ஐயோ, நான் போட்ட சத்தத்தில் நர்ஸ் ஓடிவந்து என் வாயைப் பொத்தினாள்!

பல மாதம் ஓடக்கூடாது, குதிக்கக்கூடாது என்று அவளைப் பிடித்து வைப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. போன மாதம் எடுத்த எக்கோவில் இதயம் பழையபடி அடிக்கிறது. ஓடலாம் என்று டாக்டரம்மாவே சொல்லிவிட்டார்!

இந்த வருஷச் சாட்டின்போது என் வீட்டுக்காரரே ஊர் நடுவில் எழுந்து, “நோவுன்னு வந்தா எல்லை கிடையாதுன்னு வெச்சுக்கலாமுங்க,” என்றார். ஊரும் ஒத்துக்கொண்டது.

என்னைப் பெற்ற தாய்மாரே, காய்ச்சலோடு குழந்தைக்கு மூச்சிரைத்தால் வீட்டில் வைத்துக்கொண்டு வேண்டாதீர்கள். ஆஸ்பத்திரிக்கு ஓடிக்கொண்டே வேண்டுங்கள். ஆத்தாளுக்கும் பெற்ற வயிறுதான், அவளுக்குத் தெரியும்.