ஆள் ஏற்றாமல் அளந்த ஜீப்

எனக்குப் பதினோரு வயதானபோது எங்கள் வீட்டில் கணக்குத் தெரிந்த ஒரே ஆள் நான்தான். இதை நானாகச் சொல்லிக்கொள்ளவில்லை, சித்தப்பாதான் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். அவர் பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சையை மூன்று முறை எழுதி, மூன்று முறையும் ஒரே மதிப்பெண் வாங்கியவர். நான் நூற்றுக்கு நூறு. அதனால் வீட்டில் கூட்டல் கழித்தல் என்று எது வந்தாலும் "பாப்பாவைக் கேளு" என்பதுதான் அவருடைய தீர்ப்பு. நானும் லேசுப்பட்டவள் இல்லை. கேட்காத கேள்விக்கும் சேர்த்தே பதில் சொல்லிவிடுவேன்.

கீழ்பென்னாத்தூரிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் ஊர். எங்கள் நிலத்தில் பாதி ஓடைக்கு அந்தப் பக்கம். ஓடையில் தண்ணீர் ஓடுவது வருஷத்தில் இரண்டு மாதம்தான், மற்ற நாளெல்லாம் பாறையும் உருட்டுக் கல்லுமாகக் கிடக்கும். வேர்க்கடலையை எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்போம். அந்த மல்லாட்டை மூட்டைகளை ஓடை தாண்டிக் கொண்டுவரத்தான் சித்தப்பா ஒரு பழைய ஜீப்பை வாங்கிவந்தார். ஜீப் ரோட்டில் நன்றாகத்தான் போயிற்று. ஓடையில் இறக்கினால் மட்டும் அடிவயிறு கல்லில் இடித்து நின்றுவிடும். இரண்டு முறை மாடு கட்டி இழுத்தார்கள். மாட்டுக்குப் பதிலாக வாங்கிய வண்டியை மாடு இழுத்துக்கொண்டு வந்ததை ஊரே நின்று பார்த்தது.

இரண்டாம் முறை இழுத்துவந்த அன்று அப்பா முடிவாகச் சொல்லிவிட்டார்.

"இன்னும் ஒரே ஒருவாட்டிதான்டா பார்ப்பேன். அதுவும் சரியா வரலன்னா ஜீப்பை வித்துட்டு மினி லாரி எடுத்துடலாம். மூட்டையத் தலைச்சுமையா ஓடையத் தாண்டி கொண்டாந்துக்கலாம்."

சித்தப்பாவுக்கு முகம் செத்துவிட்டது. பதினெட்டு வயதிலிருந்து அடுத்தவர் வண்டியை ஓட்டியவர் அவர். சாயங்காலம் சாவியை யாரிடமும் திருப்பிக் கொடுக்க வேண்டாத முதல் வண்டி அந்த ஜீப். அதை விற்பது என்றால் அவருக்கு உயிரை விடுகிற மாதிரி. வண்டியை உயர்த்திப் பெரிய டயர் போட்டால் ஓடை என்ன, மலையே ஏறும் என்று அப்பாவிடம் சத்தியம் செய்தார். டயர் நான்கையும் சென்னையில் சொல்லிவைத்து முன்கூட்டியே வாங்கியும்விட்டார். உடுப்பு எடுத்த பிறகு பெண் பார்க்கிற கதைதான்.

உயர்த்தும் சாமான்களைத் தேர்ந்தெடுக்கத் திருவண்ணாமலைக்குப் போனபோது என்னையும் கூட்டிப்போனார். போளூர் ரோட்டில் ஒரு பட்டறை. அங்கிருந்த மெக்கானிக்கை எல்லாரும் பாய் என்றே கூப்பிட்டார்கள். அவர் ஒரு கோணிச்சாக்கை விரித்து அதன்மேல் சாமான்களை எடுத்துவைத்தார். ஜீப்பின் உடம்பைச் சக்கரத்தின்மேல் தாங்குவது அடுக்கடுக்கான இரும்புப் பட்டைகள். அந்தப் பட்டைக் கட்டின் ஒரு முனை இரண்டு சிறு இரும்புத் துண்டுகளில் தொங்கும். அதற்கு ஷேக்கிள் என்று பெயர். அந்த ஷேக்கிளை நீளமாகப் போட்டால் வண்டி கொஞ்சம் உயரும், அரை நாள் வேலை. இல்லையென்றால் நன்றாக வளைந்த புதுப் பட்டை செட்டையே போடலாம், நீளமான ஷாக் அப்சர்பரும் பிரேக் குழாயும் அதோடு மாற்ற வேண்டும். அது வேலூரிலிருந்து வரவேண்டும், பத்து நாளாகும்.

"எது நல்லது பாய்?" என்று கேட்டார் சித்தப்பா.

"நல்லது பட்டை செட்டுதான். ஆனா தேவையான்னு பார்க்கணும். வீட்டுக்குப் போய் வண்டி நிறைய ஆள ஏத்தி நிறுத்துங்க. பின் டயருக்கு மேல, பாடி தட்டுற வரைக்கும் எவ்ளோ இடம் கீதுன்னு அளங்க. அதுல புது டயருக்கு உண்டானதக் கழிங்க. நாலு அங்குலம் மிச்சம் இருந்தா ஷேக்கிள் போதும். கம்மின்னா பட்டை செட்டு போட்டே ஆகணும்."

"புது டயர் மூணு அங்குலம் ஜாஸ்தி. மூணக் கழிக்கணும்" என்றார் சித்தப்பா.

"இல்ல சித்தப்பா, ஒண்ணரை. டயர் உயரத்துல பாதிதான் மேல வரும், மீதி பாதி வண்டியத் தூக்கிடும்" என்றேன்.

பாய் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "இன்னாங்க, இந்தப் பொண்ணு ஆரம் விட்டம்லாம் போட்டுப் பேசுது" என்றார். சித்தப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. அளக்கிற வேலையை அங்கேயே, பாயின் எதிரிலேயே, என்னிடம் ஒப்படைத்துவிட்டார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. சித்தப்பா டயர்களை எடுத்துவர லாரி ஆபீசுக்குப் போய்விட்டார். நான் ஒரு நோட்டோடும் பள்ளிக்கூட ஸ்கேலோடும் ஜீப்பின் பின்னால் குந்தினேன். பாய் ஆள் ஏற்றித்தான் அளக்கச் சொன்னார், மறக்கவில்லை. அம்மாவையும் அத்தையையும் கூப்பிட்டு உட்காரவைத்தேன், ஏதோ விளையாட்டு என்று நினைத்து வந்தார்கள். அம்மா உட்கார்ந்ததும் உலை கொதிக்கிறது என்று எழுந்தாள். அத்தை செல்போன் அடிக்கிறது என்று இறங்கினாள். ஒருவர் ஏறினால் ஸ்கேலில் ஓர் அளவு, இறங்கினால் வேறோர் அளவு. எனக்கு எரிச்சலாக வந்தது. அசைகிற அளவு ஓர் அளவா? சுத்தமான அளவு என்றால் அது காலி வண்டியின் அளவுதான் என்று தீர்மானித்து எல்லாரையும் இறக்கிவிட்டேன்.

எட்டு அங்குலம். டயருக்கு ஒன்றரை போக ஆறரை. ஆட்களின் எடைக்காக நானே இன்னொரு ஒன்றரையைக் கழித்தேன். தாராளமாகக் கழித்ததாகத்தான் எண்ணம். பாய் கேட்டது நான்கு, நான் கொடுத்தது ஐந்து. நோட்டில் "ஆள் ஏற்றி: 5 அங்குலம்" என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டேன். இன்று ஒரு தொழிற்சாலையில் வண்டிகளைச் சோதிக்கிற பிரிவில் இருக்கிறேன். அங்கே ஒவ்வோர் இருக்கையிலும் மணல் மூட்டை வைக்காமல் ஒரு நூலளவைக்கூட எழுத விடமாட்டார்கள். அந்த விதியை முதல் நாள் எனக்குச் சொன்னபோது என் காது சூடானது அங்கே யாருக்கும் தெரியாது.

சாயங்காலம் சித்தப்பா நோட்டைப் பார்த்தார். "ஆள் ஏத்தி அளந்தியா?"

"அளந்துட்டேன்."

ஒரே சொல். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. நோட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

அந்த வாரமே நீள ஷேக்கிள் பூட்டிப் புது டயரும் மாட்டியாயிற்று. ஜீப் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஊருக்குள் வந்தது. ஓடையில் இறக்கினார் சித்தப்பா. பக்கத்தில் நான். பாறைமேல் ஏறி இறங்கி, ஒரு கல்லில்கூடத் தட்டாமல் அக்கரை போய், அங்கே ஒரு வட்டமடித்துத் திரும்பிவந்தோம். கரையில் நின்ற அப்பா சிரித்தார். அப்பா சிரித்ததை அந்த மாதத்தில் அன்றுதான் பார்த்தேன். எல்லாம் என் கணக்கு என்று எனக்குள் ஒரே கும்மாளம். வண்டியில் நாங்கள் இருவர் மட்டுமே இருந்தோம் என்பது யாருக்கும் உறைக்கவில்லை.

எங்கள் பக்கத்தில் வண்டி புதிதானாலும் சரி, வேலை பார்த்துப் புதிதாக்கினாலும் சரி, ராஜகோபுரத்துக்கு எதிரே பூஜை போட்டு ஒரு முறை மலையைச் சுற்றிவர வேண்டும். அந்த முதல் சுற்றில் பங்காளிகளில் ஒருவரை விட்டுவிட்டுப் போனாலும் அடுத்த பொங்கல் வரைக்கும் பேச்சுவார்த்தை இருக்காது. ஆகவே யாரையும் விடவில்லை. பெரியப்பா, பெரியம்மா, அத்தைகள், அவர்கள் பிள்ளைகள், பிள்ளைகளின் புளிசாதத் தூக்குகள். ஜீப்பில் ஏறியது பதினேழு பேர், பெரும்பாலும் பின்பக்கம். பெரியம்மா ஒருவரே இரண்டு பேருக்குச் சமம், அதை அவரே சொல்லிச் சிரிப்பார். அப்பா முன்னால் உட்கார்ந்தார். எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு புறப்பட்டோம்.

செங்கம் ரோட்டில் ஆசிரமத்தைத் தாண்டும்போதே பின்னால் ஒரு முனகல் கேட்டது. பெரியம்மா பாட்டை நிறுத்திவிட்டு, "வண்டியும் கூடவே பாடுது பாரு" என்றார். கிரிவலப் பாதையில் திரும்பியதும் ஒரு வாடை வந்தது. பூஜைக் கற்பூரம் இன்னும் அணையவில்லை போல என்றாள் அத்தை. அடி அண்ணாமலையில் ஒரு வேகத்தடை. அதில் ஏறி இறங்கியதும் படாரென்று வெடித்தது.

வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. யாருக்கும் அடியில்லை, புளிசாதம்தான் கொட்டியது. பின் சக்கரத்தைப் பார்த்தோம். பதினேழு பேர் பாரத்தில் உடம்பு இறங்கி, தகரத்தின் ஓரம் வழியெல்லாம் டயரைச் சீவிக்கொண்டே வந்திருக்கிறது. சாமி பாதையில், முதல் சுற்றிலேயே இப்படி ஆகிவிட்டதே என்று பெரியப்பா தலையில் அடித்துக்கொண்டார். டீக்கடையில் இருந்தவர்கள் டம்ளரும் கையுமாக வந்து எங்களைச் சுற்றி நின்றார்கள்.

அப்பா இறங்கிவந்து குனிந்து பார்த்தார். நிமிரும்போது அவர் முகம் வேறாக இருந்தது.

"பிள்ளகுட்டிங்க அத்தன பேரு உள்ள இருக்குதுடா. ஆள் ஏத்திப் பார்க்காமலா மாட்டின? யாருடா அளந்தது?"

சித்தப்பா குனிந்து டயரின் கிழிசலைத் தொட்டுப் பார்த்தார். பிறகு சொன்னார்: "நான்தான்ணா அளந்தேன். அவசரத்துல காலி வண்டியா வச்சி அளந்துட்டேன்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. என்ன அநியாயம் இது! ராத்திரி பகலாக ஊரெல்லாம் என் கணக்குத் திறமையைச் சொல்லிவிட்டு, இப்போது இத்தனை பேர் முன்னால் தான் அளந்ததாகச் சொல்கிறாரே! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறாரே! என் அளவில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். தப்பு என் கணக்கில் இல்லை, பெரியம்மாவின் எடையில்தான் இருந்தது.

"பொய்! நான்தான் அளந்தேன்! சித்தப்பா ஸ்கேலத் தொடவே இல்ல!" என்று கத்தினேன்.

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் எதிர்பார்த்தது நடக்கவில்லை. பெரியம்மா ஓடிவந்து என்னை இழுத்து அணைத்துக்கொண்டார். "சித்தப்பன் திட்டு வாங்கக் கூடாதுன்னு பழியத் தன்மேல போட்டுக்குது பாரு. இதுக்கு இன்னா பாசம்!" அவர் கண்ணில் தண்ணீர். அத்தை முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். டீக்கடைக்காரர் ஒரு பன்னீர் சோடாவை உடைத்து என் கையில் கொடுத்து, காசு வேண்டாம் என்றுவிட்டார்.

"நோட்டு இருக்கு! எழுதி வச்சிருக்கேன்! சித்தப்பா, எடுத்துக் காட்டு!"

"நோட்டு வீட்டுல இருக்குதும்மா" என்றார் சித்தப்பா. அவர் சட்டைப்பையில் நோட்டின் மூலை துருத்திக்கொண்டு இருந்தது, என் கண்ணால் பார்த்தேன். அவர் கையை அதன்மேல் வைத்து மறைத்தார். வாய் திறந்து மேலே சொல்லப் போனேன், பெரியம்மா சோடாவை என் வாயில் வைத்துவிட்டார்.

அப்பா அதற்குப் பிறகு சத்தமே போடவில்லை. "வித்துடலாம்" என்று மட்டும் சொன்னார். சித்தப்பா தலையாட்டினார். அன்று சித்தப்பா மட்டும் வண்டியோடு நின்றுகொள்ள, நாங்கள் மீதி மலையை நடந்தே சுற்றினோம். திரும்பிப் பார்த்தபோது அவர் அந்தச் சக்கரத்தின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். என் கணக்கைத் திருடியவர் உட்காரட்டும் என்று நினைத்தேன். பத்து நாள் அவரோடு பேசவில்லை.

மாதம் முடிவதற்குள் ஜீப் போய்விட்டது. வாங்கியவர் ஓட்டிப்போகும்போது சித்தப்பா வீட்டுக்குள் இருந்தார், வெளியே வரவில்லை. பிள்ளை அளந்தேன் என்றாள், நம்பிவிட்டேன் என்று அன்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நோட்டை எடுத்துக் காட்டியிருந்தால் இன்னும் சுலபம். ஆள் ஏற்றி அளந்ததாக என் கையெழுத்திலேயே இருந்தது. பிள்ளை ஏமாற்றிவிட்டாள் என்று அப்பா அவருக்கு இன்னொரு தவணை கொடுத்திருப்பார், பட்டை செட்டைப் போட்டு ஜீப்பைக் காப்பாற்றியிருக்கலாம். எனக்குத்தான் இரண்டு அறை விழுந்திருக்கும். அதைவிட, பொட்டப்பிள்ளைக்கு வண்டிச் சாமானோடு என்ன வேலை என்று அப்பா அன்றோடு என் கணக்கை முடித்திருப்பார். இது எதுவும் எனக்கு அப்போது தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம், என் பேரை ஒருவர் எடுத்துக்கொண்டார் என்பதுதான்.

மினி லாரி வந்தது. இரண்டு வரிசை மூட்டைக்கு மேல் அடுக்கினால் தாங்குமா, பின்பக்கம் இன்னொரு பட்டை சேர்க்க வேண்டுமா என்று அப்பாவுக்குச் சந்தேகம். வாசலில் நின்றுகொண்டு சித்தப்பாவிடம்தான் கேட்டார். சித்தப்பா வண்டியின் பக்கம் போகவில்லை.

"என்ன எதுக்குண்ணா கேக்கற? பாப்பாவக் கேளு. அது கணக்கு தப்பாது" என்றார்.

அப்பா என்னைக் கூப்பிட்டார். நான் நிமிர்ந்து நடந்தேன். கடைசியில் தன் தப்பை ஒப்புக்கொண்டார் என்று எனக்கு ஒரே சந்தோஷம். லாரியைச் சுற்றிவந்து சித்தப்பாவின் எதிரே நின்று, பெரிய மனது பண்ணி, அவரை மன்னித்துவிட்டேன் என்று சொன்னேன்.

"சரிம்மா" என்றார் சித்தப்பா.