நிக்காஹ் காலையில் பேசாத குரல்

2023 ஜூன் ஒன்பதாம் தேதி, வெள்ளிக்கிழமை, பிற்பகல் இரண்டு மணி. மட்டாஞ்சேரியில் பழைய ஒலிநாடாக்களைக் கணினிக்கு மாற்றித்தரும் அக்மலின் கடைக்குள், பிஸ்கட் டப்பா ஒன்றை அணைத்தபடி ரம்லத் நுழைந்தார். ஓட்டல்களுக்கு இடியாப்பம் பிழிந்து கொடுத்துப் பிழைப்பவர். டப்பாவில் இருந்தவை, சவூதியின் தம்மாமிலிருந்து கணவர் பஷீர் கடிதத்துக்குப் பதிலாகப் பேசி அனுப்பிய கேசட்டுகள். மகள் நௌரின் பிறக்குமுன்பே பஷீர் அங்கே இறந்துபோனார். அவளுக்கு நினைவு தெரியுமுன்பே வீட்டு டேப் ரிக்கார்டரும் பழுதாகிவிட்டது.

"நிக்காஹ் அன்னைக்குக் காலையில அத்தா சத்தத்தை அவ கேக்கணும். கேக்கும்போது அவ மொகத்தை நான் பாக்கணும். அவ்வளவுதான் தம்பி."

"எம்பி3 போதுமா, மாமி?"

"அது பாதியைத் தின்னுடுமாமே! அவரைக் கபர் தின்னது போதும், மிச்சத்தை நீ தின்னாதே. இருமல்கூடக் கொறையக் கூடாது."

எதுவும் குறையாத ஃப்ளாக் முறையையே அக்மல் தேர்ந்தான். ஆனால் ரம்லத்திடம் இருந்த சிறு பிளேயரின் கார்டில் இடம் போதவில்லை. கோப்பைச் சுருக்க, ஒலியின் முந்தைய துளிகளைக் கொண்டு அடுத்ததைக் கணிப்பார்கள்; பன்னிரண்டு துளிகள் வரை என்பதே எளிய கருவிகள் தாங்கும் வரம்பு. அவன் அதை முப்பத்திரண்டாக உயர்த்தினான். ஒலித்துண்டுகளின் நீளத்தையும் வரம்புக்கு மேல் கூட்டினான். கோப்புகள் சுருங்கின, கார்டில் அடங்கின. கணினியில் பஷீர் தெளிவாக இருமினார். பிளேயரில் போட்டுப் பார்க்க அவனுக்குத் தோன்றவில்லை.

நிக்காஹ் காலையில் ரம்லத் பொத்தானை அழுத்தினார். திரையில் பெயர் வந்தது, விநாடிகள் ஓடின. ஒலி மட்டும் எழவில்லை. தான் மீறிய வரம்பை அந்தச் சிறு கருவி தாங்கவில்லை என்பது, விருந்துக்கு வந்திருந்த அக்மலுக்கு அப்போதுதான் உறைத்தது. மணக்கோலத்தில் நின்ற மகளின் முகத்தைப் பார்த்தபடி ரம்லத் சிரித்தார்.

"அவரு எப்பவும் இப்படித்தான். ஆளுங்க கூடினா வாயத் தொறக்க மாட்டாரு."

எல்லோரும் சிரித்தார்கள். நௌரின் சிரிக்கவில்லை.

நான்கு நாள் கழித்து, பெரிய கார்டு ஒன்றில், வரம்புக்குள் மாற்றிய கோப்புகளை அக்மல் கொண்டுவந்தான். ஓர் இருமலும் குறையவில்லை. நௌரின்தான் அங்கே இல்லை. கணவனோடு ஷார்ஜா போயிருந்தாள். அனுப்பிய குரலை அங்கேயே, தனியாகக் கேட்டாள்.

"ஒரு காலைப்பொழுது உங்களுக்குக் கடன்பட்டிருக்கேன், மாமி."

"சாயா ஆறுது, குடி."

நௌரினின் முதல் விடுமுறைக்கு முன்பே ரம்லத் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். அதுவரை அவர் கடையைக் கடக்கும்போதெல்லாம் அக்மல் எழுந்து நிற்பான். இடியாப்பம் வேண்டுமா என்று கேட்பார். அந்தக் காலையை ஒருநாளும் கேட்டதில்லை.