படிவத்தில் ஃபெயின்ட்

பள்ளி அசெம்பிளியில் சரிந்து விழும் பெண்களைத்தான் ‘ஃபெயின்ட் ஆயிட்டா’ என்போம். அது நோஞ்சான்களுக்கான சொல் என்று ஐம்பது வயதுவரை நினைத்திருந்தேன்.

இந்த வருஷம், பெண்கள் தெருவெங்கும் அம்மனுக்குப் பொங்கலிடும் பொங்காலைக்குக் கிழக்கேகோட்டை ரோட்டோரம் செங்கல் அடுப்பு மூட்டினேன். விரதம் என்று தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அது என் வீம்பு. அரிசி கொதிக்கும்போது கண் இருட்டியது. விழித்தபோது தொண்டுசெய்ய வந்த பெண் படிவத்தில் ‘ஃபெயின்ட்’ என்று எழுதிக்கொண்டிருந்தாள்.

“ஆன்ட்டி, ஆம்புலன்ஸில கேறணும்.”

“பானை பொங்கட்டே மோளே, பின்னே வரேன்.”

பக்கத்து அடுப்புக்காரி என் அடுப்பிலும் தீயைத் தள்ளிவிட்டாள். அவள் கொடுத்த தண்ணீரைக் குடித்து எழுந்து நின்றேன். பானை பொங்கி வழிந்தது, குரவையிட்டேன்.

பிறகு அந்தப் படிவத்தைக் காட்டிச் சொன்னேன்: “எழுந்துட்டேன்னும் எழுதிக்கோ.”