இறக்கத்தில் கூடிய சார்ஜ்

அன்றைக்கு வண்டியில் மூன்று பேர். முன் சீட்டில் டயாலிசிஸுக்குப் போகிற ஒரு அக்கா. பின்னால், மடியில் ஆஸ்பத்திரிப் பையோடு அவருடைய வீட்டுக்காரர். ஓட்டினது நான்.

போன வருஷம் ஐப்பசி மழை. குலசேகரத்துக்கு மேலே ரப்பர் தோட்டங்களுக்கு நடுவில் எங்கள் ஊர். மரங்கள் கம்பி மேல் சாய்ந்து இரண்டு நாளாகக் கரண்ட் இல்லை. போனுக்கு டவரும் இல்லை. ரோட்டில் மரம் கிடந்ததால் அக்காவுக்கு முந்தின முறை டயாலிசிஸ் தவறிப்போனது. கால் வீங்கி, மூச்சு வாங்கியது. காலையில்தான் மரத்தை அறுத்து வழி விட்டார்கள். பத்து மணிக்குள் நாகர்கோவில் சேர வேண்டும்.

என்னுடையது கரண்ட் வண்டி. அதற்கு முன் பதினோரு வருஷம் பெட்ரோல் கார். வாடகையில் பாதி பங்க்குக்கே போனது. பெட்ரோலிலும் கரண்டிலும் ஓடுகிற வண்டி விசாரித்தேன், விலை எட்டவில்லை. துணிந்து முழுக் கரண்ட் வண்டியே எடுத்தேன். குலசேகரம் டாக்சி ஸ்டாண்டில் ஒரே சிரிப்பு. "ஏலே, இன்னைக்கு ஓட்டமா, தள்ளலா?" என்பார்கள். கம்பெனி சொன்ன தூரம் வண்டி ஒருநாளும் ஓடினதும் இல்லை.

புறப்படும்போது மீட்டரில் சார்ஜ் பத்தொன்பது சதவீதம். முதல் ஏற்றத்திலேயே பதினேழு.

இறக்கத்தில் நியூட்ரலில் உருட்டி விடுவது எங்கள் ஸ்டாண்டுப் பழக்கம். பெட்ரோல் மிச்சம். இந்த வண்டியையும் எட்டு மாசமாக அப்படித்தான் உருட்டினேன். அன்று ஒரு வளைவில் கிளை கிடந்தது. நிறுத்தி, கியரில் போட்டு மெதுவாகக் கடந்தேன். மறுபடி நியூட்ரல் போட மறந்துவிட்டேன்.

"தம்பி, மீட்டர்ல நம்பரு கூடிச்சு."

"கூடாதுக்கா. குறையத்தான் செய்யும்."

"பதினெட்டு ஆயாச்சு. நான் வேற எதைப் பாத்துட்டு வாறேன்?"

நியூட்ரல் போட்டுப் பார்த்தேன். நம்பர் அசையவில்லை. கியரில் போட்டு ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தேன். வண்டி தானே பிரேக் பிடித்துக்கொண்டு இறங்கியது. கொஞ்ச நேரத்தில் பத்தொன்பது. இறக்கத்தில் சக்கரம் சுற்றுகிற சுற்று கரண்டாகிப் பேட்டரிக்குள் போகிறது, கியரில் இருந்தால். எட்டு மாசம் அதைத்தான் மலையில் கொட்டியிருக்கிறேன்.

குலசேகரம் ஸ்டாண்டில் பதினெட்டு. இன்னும் முப்பத்தைந்து கிலோமீட்டர். வீம்பு பார்க்கிற நேரமில்லை. "அக்கா, பெட்ரோல் வண்டியில மாறிக்கிடுங்க" என்றேன். ஸ்டாண்டு டிரைவர் ஒருத்தன் தன் வண்டிக் கதவைத் திறந்தான். "வாங்கக்கா, இவன்கூட போனா நாளைக்குத்தான் போவிய."

அக்கா இறங்கவில்லை. "நம்பரக் கூட்டினது நான்லா. இதுலயே வாறேன்."

அவன் தலையைச் சொறிந்தான். "சரி மக்கா, பின்னாலயே வாறேன். நின்னா ஏத்திக்கிடுதேன்."

ஏசியை அணைத்தேன். முன் கண்ணாடியில் ஆவி படர, வீட்டுக்காரர் பின்னாலிருந்து எட்டித் துண்டால் துடைத்துக்கொண்டே வந்தார். ஒவ்வொரு இறக்கத்திலும் அக்கா "காலை எடு" என்பார். எடுத்தேன். பதினொன்று. எட்டு. ஐந்து. பின்னால் அவன் ஹாரன் அடித்துக் கேலி செய்தபடி விடாமல் வந்தான்.

ஒன்பதே முக்காலுக்கு ஆஸ்பத்திரி வாசல். அக்காவை உள்ளே கொண்டுபோனார்கள்.

வண்டியை மாற்றினேன், கையை மாற்றவில்லை. அதை எனக்குக் காட்டினது மூச்சு முட்டிக்கொண்டிருந்த ஒருத்தர். இப்போதும் இறக்கத்தில் கை நியூட்ரலுக்குப் போனால், அன்று வாசலில் நின்றபோது மீட்டரில் இருந்த நம்பர்தான் கண்ணில் வரும்.

மூன்று.